பெயரில்லாதவர்கள் கட்டிய ஊர்

அந்தமான் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது திரைப்படம்தான். மூத்த தலைமுறைக்கு 1952-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'அந்தமான் கைதி'. அடுத்த தலைமுறைக்கு 1978-இல் வந்த 'அந்தமான் காதலி'. அதற்கும் அடுத்தவர்களுக்கு 1996-இல் வந்த 'சிறைச்சாலை'. ஒன்றில் சிறை, ஒன்றில் கடற்கரை, மற்றொன்றில் மீண்டும் சிறை. இவற்றுக்கு இடையே, மக்கள் வாழ்ந்த ஓர் ஊர் அங்கே இருந்தது என்பது நம் கண்ணில் படாமலே போய்விட்டது.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தமான் செல்லும் நம் சங்கக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. போகிறவர்கள் கடலில் குளித்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், அந்த ஊரைப் 'படித்து' வர வேண்டும் என்பதற்காகவே இப்பாடம். பெற்றோர் பிள்ளைகளுடன் சேர்ந்து படிக்கலாம். போக இயலாதவர்கள் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு படிக்கலாம்.

ஊர் எங்கே இருக்கிறது?

வரைபடத்தில் கடலூரைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே வங்கக் கடலில் கோடு போட்டுக்கொண்டே போனால், 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் தென் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில் ஒரு துறைமுக நகரம் வரும். அதுதான் போர்ட் பிளேயர். 2024 செப்டம்பரில் இந்நகரத்துக்கு 'ஸ்ரீ விஜயபுரம்' என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பலில் சென்றால் இரண்டரை முதல் மூன்று நாள்.

துறைமுகத்தின் வாயிலில், நகரத்தின் எதிரே, ஒரு சிறிய தீவு தெரியும். அதன் பெயர் ராஸ் தீவு. கடல் அளவையாளராகப் பணியாற்றிய டேனியல் ராஸ் என்பவரின் பெயரால் வழங்கியது. 2018 டிசம்பரில் இதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயரிட்டனர். இதன் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நம் ஊர்ப் பெரிய ஏரி ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆனால் 80 ஆண்டுகளுக்கு மேல் அந்தமான் முழுவதையும் ஆண்ட தலைநகரம் இதுதான்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம். அதாவது 360 பாகை திரும்ப 1,440 நிமிடம். ஒரு பாகைக்கு எத்தனை நிமிடம்? நான்கு. சென்னை இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 80¼ பாகையில். போர்ட் பிளேயர் 92¾ பாகையில். வித்தியாசம் 12½ பாகை. நான்கால் பெருக்கினால் 50 நிமிடம். ஆகவே சென்னையைவிட ஏறத்தாழ 50 நிமிடம் முன்னதாகவே அங்கே பொழுது விடிந்துவிடுகிறது. ஆனால் கடிகாரம் இரண்டு ஊருக்கும் ஒன்றே! டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் அங்கே சூரியன் மறைந்துவிடும். எனவே ராஸ் தீவுக்குக் காலையிலேயே படகு ஏறிவிடுங்கள். வெயில் காய்ந்து, கடல் அமைதியாக இருப்பது பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மற்ற மாதங்களில் இரண்டு பருவமழையும் அத்தீவுகளை நனைக்கின்றன.

ஊர் உண்டான கதை

ஆங்கிலேயர் அங்கே முதலில் குடியேற முயன்றது 1789-இல். ஆர்ச்சிபால்ட் பிளேயர் என்ற கப்பற்படை அதிகாரி கடலை அளந்து, சாத்தம் தீவில் ஒரு குடியிருப்பை அமைத்தார். பின்னர் அது வட அந்தமானுக்கு மாற்றப்பட்டது. நோயும் சாவும் தாங்காமல் 1796-இல் எல்லாவற்றையும் கைவிட்டுப் போய்விட்டார்கள்.

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1857-இல் வட இந்தியாவில் சிப்பாய்களின் பெரும் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்கிய பின், பிடிபட்டவர்களை எங்கே அடைப்பது என்ற கேள்வி வந்தது. நாற்புறமும் கடல் சூழ்ந்த அந்தமான் மீண்டும் நினைவுக்கு வந்தது. 1858 மார்ச் 10-ஆம் நாள், டாக்டர் ஜே. பி. வாக்கர் என்ற அதிகாரி 200 கைதிகளுடன் கப்பலில் வந்து இறங்கினார். முதலில் சாத்தம் தீவு. அங்கே தண்ணீர்ப் பஞ்சம். விரைவில் ராஸ் தீவுக்கு மாறினார்கள்.

அப்போது ராஸ் தீவு அடர்ந்த காடு. அதை வெட்டித் திருத்தியவர்கள் கைதிகள். மரத்தை அறுத்தவர்கள், கல்லைச் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் எல்லாம் அவர்களே. தப்பி ஓடியவர்கள் பலர். பிடிபட்டவர்களில் 80-க்கும் மேற்பட்டோரை வாக்கர் தூக்கிலிட்டார். காய்ச்சலில் இறந்தவர்கள் அதனினும் அதிகம். பின்னர் வங்காளம், பம்பாய், பஞ்சாப், சென்னை மாகாணம் என இந்தியாவின் பல பகுதிச் சிறைகளிலிருந்தும், பர்மாவிலிருந்தும் கைதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. கரையைவிட்டுக் கடல் கடந்தால் சாதியும் சுற்றமும் போய்விடும் என்று அஞ்சிய காலம் அது. அந்த அச்சமும் சேர்ந்துதான் 'காலாபானி', அதாவது கறுப்புத் தண்ணீர், என்ற பெயருக்கு அத்தனை பயங்கரத்தைக் கொடுத்தது.

தீவில் நடந்து பாருங்கள்

படகிலிருந்து இறங்கி மேட்டில் ஏறினால் இடிந்த சுவர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் பெயர்ப் பலகை இருக்கும். தலைமை ஆணையரின் மாளிகை, அதில் நடனக் கூடம், ஒரு தேவாலயம், ரொட்டி சுடும் கூடம், அச்சகம், மருத்துவமனை, டென்னிஸ் ஆடுகளம், நீச்சல் குளம், கடல் நீரைக் காய்ச்சிக் குடிநீராக்கும் ஆலை என்று சிறு நகருக்கு வேண்டிய எல்லாமும் இருந்திருக்கின்றன. அக்காலத்தில் இதைக் 'கிழக்கின் பாரிஸ்' என்றுகூடப் புகழ்ந்தார்களாம்.

இன்று கூரைகள் இல்லை. ஆலமரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் சுவர்மேல் முளைத்து, வேர்களால் செங்கல்லை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில இடங்களில் சுவர் மரத்தைத் தாங்குகிறதா, மரம் சுவரைத் தாங்குகிறதா என்று சொல்ல முடியவில்லை. மான்களும் மயில்களும் நம் அருகிலேயே நடமாடுகின்றன.

நகரம் ஏன் அழிந்தது? 1941 ஜூன் 26-ஆம் நாள் அந்தமானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. ராஸ் தீவின் கட்டடங்கள் பலத்த சேதமடைந்தன. நிர்வாகம் எதிர்க்கரைக்கு மாறியது. 1942 மார்ச் மாதத்தில் ஜப்பானியப் படை அந்தமானைப் பிடித்தது. அவர்கள் கட்டிய பதுங்கு அறைகளை இன்றும் தீவில் காணலாம். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி போர்ட் பிளேயருக்கு வந்து மூவர்ணக் கொடி ஏற்றினார். ஆனால் அதே ஜப்பானிய ஆட்சியில் தீவு மக்கள் பட்ட துன்பமும் கொஞ்சமன்று. உளவாளிகள் என்று குற்றம் சாட்டி, 1944 ஜனவரி 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1945-இல் ஆங்கிலேயர் திரும்பி வந்தபோது ராஸ் தீவை மீண்டும் கட்ட முயலவில்லை. 1979-இல் அது இந்தியக் கடற்படையின் பொறுப்பில் வந்தது.

ஒரு குழந்தையின் கேள்வி

இவ்வூருக்கு நான் என் மகளுடன் சென்றிருந்தேன். அவளுக்கு அப்போது வயது பதினொன்று. தீவின் ஒரு புறத்தில் ஆங்கிலேயரின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கைக்குழந்தைகளின் கல்லறைகளும் அங்கே உண்டு. எழுத்துகள் தேய்ந்த ஒரு கல்லின் முன் அவள் வெகு நேரம் நின்றாள். பிறகு கேட்டாள்: "இந்தப் பாப்பா பேருகூடக் கல்லுல இருக்கு. இந்த ஊரையே கட்டினவங்க பேரு எங்கப்பா இருக்கு?"

என்னிடம் விடை இல்லை. அன்று முழுவதும் தேடினோம். ராஸ் தீவின் சுவர்களில் கட்டியவர் பெயர் எதையும் நாங்கள் காணவில்லை.

அக்குழந்தை இறந்ததும் துயரம்தான். அதன் பெற்றோர் பெயர் பொறித்ததில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அதே தீவில் மாண்ட எத்தனையோ கைதிகளுக்கு ஒரு கல் நாட்ட யாரும் இல்லை. உயிரோடு இருந்தபோதே அவர்கள் பெயரைப் பறிகொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு கைதியின் கழுத்திலும் ஒரு மரத்துண்டு தொங்கியது. அதில் கைதியின் எண், எந்தச் சட்டப் பிரிவில் தண்டனை, தண்டனை பெற்ற நாள், விடுதலையாகும் நாள் ஆகியவை இருக்கும். அதைப் பார்த்தே அவர்களை அடையாளம் கண்டார்கள்.

செல்லுலார் சிறையில்

மறுநாள் செல்லுலார் சிறைக்குப் போனோம். 1896 முதல் 1906 வரை பத்தாண்டு இதைக் கட்டினார்கள். இதற்கும் கைதிகளின் உழைப்புத்தான். தாம் அடைபடப்போகும் சிறையைத் தாமே கட்டினார்கள். நடுவில் ஒரு கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு நீண்ட கட்டடங்கள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 690 தனி அறைகள். ஒரு கட்டடத்தின் முன்புறம் அடுத்ததன் முதுகைப் பார்த்திருக்கும். ஆகவே ஒரு கைதி மற்றொருவரின் முகத்தைப் பார்க்க இயலாது. ஏழு கட்டடங்களில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று.

இங்கே கைதிகளைக் கொண்டு செக்கு இழுக்க வைத்தார்கள். செக்கு என்றதும் நமக்கு வ.உ.சிதம்பரனார் நினைவுக்கு வருவார். 1908-இல் அவருக்கும் முதலில் விதிக்கப்பட்டது நாடு கடத்தும் ஆயுள் தண்டனையே. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது; அவர் அந்தமானுக்கு அனுப்பப்படவில்லை; கோவைச் சிறையில் செக்கிழுத்தார். ஆனால் அவர் பட்ட பாடு எத்தகையது என்பதை இந்தச் சிறையில் நிற்கும்போது உணரலாம்.

1933-இல் இங்கே நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தார்கள். 1937-இல் மீண்டும் உண்ணாவிரதம். அதன் பின் அரசியல் கைதிகள் தாயகச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1979 பிப்ரவரி 11 அன்று இச்சிறை தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது.

நடுக் கோபுரத்தில் விடுதலை வீரர்களின் பெயர்கள் பளிங்குக் கல்லில் மாகாண வாரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. என் மகள் ஒவ்வொரு பெயராகக் கூட்டி வாசித்தாள். "இங்க பேரு இருக்கு" என்றாள், ஏதோ கடன் தீர்ந்ததுபோல. பாதிதான் தீர்ந்தது. காடு வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் அந்தப் பளிங்கில் இல்லை. ஆயினும் அவர்களுக்கு வேறொரு நினைவுச் சின்னம் உண்டு. தண்டனைக் காலம் முடிந்த பின் பலர் அங்கேயே மணம் செய்துகொண்டு குடியேறினார்கள். பல சாதி, பல மதம், பல மொழிக்காரர்கள் கலந்து உருவான அந்தச் சமுதாயத்தை 'லோக்கல் பார்ன்' என்று அழைக்கிறார்கள். அவர்களுக்குப் பொதுமொழி இந்துஸ்தானி. கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் தெருவில் அவர்களின் பேரப் பிள்ளைகள் நடமாடுகிறார்கள்.

அதற்கும் முன்பு இருந்தவர்கள்

இங்கே ஒரு தவறு செய்துவிடக் கூடாது. கைதிகள் வருவதற்கு முன் அந்நிலம் ஆளற்றதாக இருக்கவில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெரிய அந்தமானியர் என்று நாம் இன்று அழைக்கும் பத்துக் குலத்தார் அங்கே வாழ்ந்தார்கள். தம் காடு அழிவதைக் கண்டு 1859 மே மாதத்தில் வில்லும் அம்பும் ஏந்திக் குடியிருப்பைத் தாக்கினார்கள். துப்பாக்கிக்கு முன் தோற்றார்கள். அதுவே அபர்தீன் போர்.

1863-இல் ராஸ் தீவிலேயே அவர்களுக்காக 'அந்தமான் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார்கள். வெளியுலகத்தின் நோய்கள் அவர்களிடம் பரவின. 1877-இல் தட்டம்மை பெருந்தொகையினரைக் கொன்றது. சில ஆயிரமாக இருந்த பெரிய அந்தமானியர் இன்று நூறு பேர்கூட இல்லை. பத்துக் குலங்களில் ஒன்று 'போ'. அம்மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா என்ற மூதாட்டி 2010 ஜனவரியில் மறைந்தார். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து வைத்தார். பல ஆண்டுகளாக அம்மூதாட்டிக்குத் தம் தாய்மொழியில் பேச ஓர் ஆள்கூட இல்லை. வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளிடம் வீட்டில் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதை இதைப் படிக்கும்போது எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியுமா?

பெயர் மாறும் காலம்

1857 கிளர்ச்சிக்காரர்களை அனுப்பிய தீவுக் கூட்டத்தில், அந்தக் கிளர்ச்சியை நசுக்கிய தளபதிகளான ஹேவ்லாக், நீல் ஆகியோரின் பெயர்கள் இரண்டு தீவுகளுக்குச் சூட்டப்பட்டன. நீல் நமக்குப் புதியவர் அல்லர். சென்னை மவுண்ட் சாலையில் இருந்த அவர் சிலையை அகற்றக் கோரி 1927-இல் போராட்டம் நடந்தது. பலர் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில்தான் அச்சிலை சாலையை விட்டு அருங்காட்சியகத்துக்குச் சென்றது. சிலை போய் 80 ஆண்டுக்கு மேல் ஆன பிறகே, 2018-இல், அவர் பெயரிலிருந்த தீவு 'ஷாஹீத்' ஆனது. ஹேவ்லாக் தீவு 'ஸ்வராஜ்' ஆனது. ஹாரியட் மலைக்கு 2021-இல் மணிப்பூர் மலை என்று பெயர் வைத்தார்கள். 1891 போரில் தோற்ற மணிப்பூர் மன்னர் குலச்சந்திரரும் அவரைச் சேர்ந்தவர்களும் நாடு கடத்தப்பட்டு வைக்கப்பட்ட இடம் அது.

பலகையில் பெயர் மாறலாம். மாற வேண்டியதும் உண்டு. ஆனால் பழைய பெயர் ஏன் வந்தது, புதிய பெயர் ஏன் வந்தது என்று இரண்டையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அது பாடம் ஆகும்.

நம்மவர்கள்

நிக்கோபார்த் தீவுகள் நம் முன்னோருக்கு அந்நியமானவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி அவற்றை 'மாநக்கவாரம்' என்று குறிக்கிறது. அண்மைக் காலத்திலோ, அரசுப் பணிக்கும் கட்டட வேலைக்கும் வணிகத்துக்கும் தமிழ்நாட்டிலிருந்து தொடர்ந்து மக்கள் அங்கே சென்றார்கள். 1964-ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களில் சில, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பேரிழப்புக்கு உள்ளான தீவுகளுள் கச்சாலும் ஒன்று. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்குத் தாய்மொழி தமிழ்.

அபர்தீன் கடைத்தெருவில் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, நாங்கள் பேசுவதைக் கேட்டு முதியவர் ஒருவர் அருகில் வந்தார். "எந்த ஊரு தம்பி?" என்று தொடங்கினார். அவருடைய பூர்வீகம் இராமநாதபுரம் சீமை. "எங்க அய்யா கப்பல் ஏறி வந்தவரு. துறைமுக வேலைக்கு. எந்தக் கப்பல், எந்த வருசம், கூட யாரு வந்தாங்க... அவரு இருக்கிறப்ப கேக்கணும்னு தோணலை. இப்பக் கேக்க ஆளு இல்ல" என்றார். பிறகு என் மகளைப் பார்த்து, "நீயாவது கேட்டு எழுதி வச்சுக்க பாப்பா" என்றார்.

பெயரை எழுதி வைப்பதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டு. ராஸ் தீவில் கைதிகள் காடு வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1860-இல், 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றது. அவர்களுக்கும் எண்தான் கொடுத்தார்கள். ஆனால் கப்பல் பதிவேட்டில் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றையும் எழுதினார்கள். 160 ஆண்டுகளுக்குப் பின்னும் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தம் பூர்வீகக் கிராமத்தைத் தேடி வருகிறார்கள்.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

ராஸ் தீவில் இரண்டு மூன்று மணி நேரமாவது செலவிடுங்கள். தண்ணீரும் தொப்பியும் மறவாதீர்கள். இடிந்த சுவர்களில் ஏறாதீர்கள்; பெயரைக் கிறுக்காதீர்கள். சாத்தம் தீவில் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலையையும், அங்கே உலகப் போரில் குண்டு விழுந்த குழியையும் பாருங்கள். பவளமும் சங்கும் பொறுக்கி வருவது சட்டப்படி குற்றம். ஜாரவா போன்ற பழங்குடியினரின் பகுதிகள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர். படம் எடுக்கக் கூடாது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் அனுமதி விதிகளை முன்கூட்டியே கேட்டறிந்து செல்க.

வீட்டுப் பயிற்சி

1. நீங்கள் வாழும் ஊரின் தீர்க்கரேகையைக் கண்டுபிடியுங்கள். அங்கே சூரியன் உதிப்பது சென்னைக்கு எத்தனை நிமிடம் முன் அல்லது பின்?

2. உங்கள் தெருவின் பெயர் யாருடையது? அதற்கு முன் வேறு பெயர் இருந்ததா?

3. உங்கள் குடும்பத்தில் ஊரை விட்டு முதலில் புறப்பட்டவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எதில் ஏறி, யாருடன், என்ன வேலைக்கு? தாத்தா பாட்டியிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதுங்கள்.

மூன்றாவது பயிற்சியை மட்டும் நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். இந்த வாரமே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.